பொருந்துவது வேறு, ஓடுவது வேறு

இரண்டு செத்த ரீல்களைப் பிரித்து உயிருள்ள ஒன்றைத் தேற்ற முடியுமா என்று தூண்டில்காரர்கள் கேட்பதுண்டு. முடியும். ஒன்றின் கைப்பிடி உடைந்திருக்கும், மற்றதன் பல்சக்கரம் தேய்ந்திருக்கும். நல்லதையெல்லாம் ஒரே கூட்டுக்குள் சேர்த்து மூடினால் ஓடிவிடும். ஆனால் எல்லா ரீலிலும் இது நடக்காது. நடக்கிற ரீலிலும் எல்லா உறுப்பும் மாறாது. இதில் பெரிய வம்பு என்னவென்றால், சில உறுப்புகள் அழகாக உட்கார்ந்துகொள்ளும், மேசையில் வைத்துச் சுற்றினால் சத்தமே வராது, பெரிய மீன் மாட்டிய அன்றுதான் பல் உதிரும். பொருந்துகிறதா என்று கண்ணும் கையும் சொல்லிவிடும். தாங்குமா என்பதற்குக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

எந்த ரீலைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று கடையில் அதிகம் விற்கிற ஸ்பின்னிங் ரீலில் நரம்பு சுற்றும் ஸ்பூல் நின்றுகொண்டிருக்கும், கம்பி வளையம் ஒன்று அதைச் சுற்றி வரும். பழைய வகை அப்படியல்ல. ஸ்பூல் தூண்டில் கழிக்குக் குறுக்கே படுத்திருக்கும், அதுவே சுழலும். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் ஸ்பூல் மூன்று, நான்கு, ஐந்து சுற்று சுற்றும். அதனால்தான் அதற்கு மல்டிபிளையர் என்று பெயர். உள்ளே பெரிய பல்சக்கரம் ஒன்று, அதோடு கோத்த சின்னப் பினியன் ஒன்று, பெரிய சக்கரத்தின் வயிற்றுக்குள் அடுக்கிய டிராக் வாஷர்கள் (மீன் பலமாக இழுத்தால் வழுக்கி நரம்பை விட்டுக்கொடுப்பவை), கைப்பிடி பின்னால் சுழலாமல் தடுக்கும் ஒரு நாக்கு. ஏறக்குறைய இவ்வளவுதான்.

இந்தப் பழைய வகை இன்னும் கிடைக்கிற ஓர் ஊரிலிருந்து தொடங்குவோம். டென்மார்க்கின் யூட்லாந்து தீபகற்பத்தில், கிழக்குக் கரையில் இருக்கிறது வைலே. நம் கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்பதுபோல, பஞ்சாலைகள் ஓடிய காலத்தில் வைலேயை டென்மார்க்கின் மான்செஸ்டர் என்றார்கள். ஊருக்குக் கிழக்கே சுமார் 22 கிலோமீட்டர் நீளத்துக்கு வைலே ஃபியோர்டு என்கிற கடற்கழி. 1980இல் திறந்த 1,710 மீட்டர் நீளப் பாலம் ஒன்று அதன் குறுக்கே போகிறது. ஃபியோர்டு கடலோடு சேருமிடத்துக்குத் தெற்கே லில்லபெல்ட் என்கிற நீரிணை, நீரோட்டம் பலமானது. கரையிலிருந்து கடல் டிரவுட்டுக்கும் படகிலிருந்து காட் மீனுக்கும் தலைமுறைகளாகத் தூண்டில் போட்ட நீர் இது. யூட்லாந்தின் சிறு நகரங்களில் 1980களிலிருந்து ஈழத் தமிழர் குடியேறி வாழ்கிறார்கள். வைலேக்கு வடமேற்கே பிராண்டேயில் அபிராமி அம்மன் கோயில், இன்னும் தள்ளி ஹெர்னிங்கில் விநாயகர் கோயில். இந்த ஊர்களில் ஒரு வீட்டுப் பரணிலோ பழைய பொருள் சந்தையிலோ மல்டிபிளையர் ரீல் ஒன்று கிடைத்தால் அது பெரும்பாலும் பக்கத்து நாடான சுவீடனில் செய்த அபு அம்பாசடராகத்தான் இருக்கும்.

சுவீடனின் தெற்கே ஸ்வேங்ஸ்டா என்கிற சின்ன ஊரில் 1921இல் கார்ல் ஆகஸ்ட் போர்க்ஸ்ட்ரோம் தொடங்கிய தொழிற்சாலை அது. தொடங்கியபோது மீன்பிடிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. பாக்கெட் கடிகாரம் செய்தார்கள், பிறகு டாக்சி மீட்டர். உலகப் போர் வந்து டாக்சி மீட்டர் வியாபாரம் படுத்தபோதுதான் தூண்டில் ரீல் பக்கம் திரும்பினார்கள். 1952இல் வந்தது சிவப்பு நிற அம்பாசடர் 5000. கடிகாரக்காரர்கள் செய்த ரீல் என்பதைப் பிரித்த உடனே தெரிந்துகொள்ளலாம். வலப்புறத் தகட்டில் விரலால் திருகும் மூன்று மரைகள். திருப்புளியே வேண்டாம். மூன்றையும் தளர்த்தினால் தகடு கையோடு வரும், ஸ்பூல் வெளியே வந்துவிடும். ஸ்பூல் அச்சின் ஓரத்தில் இரண்டு குட்டி ஊசிகள், ஒவ்வொன்றிலும் பருப்பளவு ஃபைபர் கட்டை. வீசும்போது ஸ்பூல் வேகம் எடுத்தால் அந்தக் கட்டைகள் வெளியே தள்ளப்பட்டு உருளைச் சுவரில் உரசும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால் வேகமாகச் சுற்றும்போது பலமாகப் பிடிக்கும், மெதுவாகும்போது விட்டுவிடும். இந்தக் கட்டை தொலைந்த ரீல்தான் பழைய சந்தையில் அதிகம். இரண்டில் ஒன்று மட்டும் தொலைந்திருந்தால் பிடி குறையும். தொலைந்ததற்கு மாற்றுப் போடுவது மேல்.

அபுக்காரர்கள் ரீலோடு ஒரு குட்டித் தோல்பெட்டியில் ஸ்பேரும் வைத்தே கொடுத்தார்கள். அதில் முக்கியமானது நரம்பை இடமும் வலமும் பரப்புகிற பகுதியின் நாக்கு. குறுக்கும் நெடுக்குமாகக் காடி வெட்டிய ஒரு தண்டு சுழலும், அந்தக் காடிக்குள் ஓடுவது இந்த நாக்கு. ஒவ்வொரு கோடியிலும் திரும்பும்போது உரசித் தேயும். இது தேயும் என்று செய்தவனுக்கே தெரிந்திருக்கிறது, ஆகவே மாற்றுவதற்கு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டான். அதைவிட முக்கியம், அந்த நாக்கின் அளவைப் பிறகு வந்த மாடல்களிலும் கலைக்காமல் வைத்தார்கள். 5500சி, 6500சி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பக்கத் தகடுகளும் உள்ளே இருக்கிற இயந்திரமும் ஒன்றுதான். ஸ்பூல் அகலமும் அதற்கேற்ற குறுக்குக் கம்பிகளின் நீளமும் காடித் தண்டின் நீளமுமே வேறு. ஒரு தொழிற்சாலை இரண்டு ரீல் செய்யவில்லை, ஒரே ரீலை இரண்டு அகலத்தில் செய்தது.

ரீலைக் கழியில் உட்காரவைக்கும் கால் தகட்டைத் திருப்பிப் பார்த்தால் ஓர் எண் பொறித்திருக்கும். 1970களின் நடுப்பகுதியிலிருந்து வந்த அம்பாசடர்களில் அது ஆறு இலக்கம். 751202 என்று இருந்தால் 1975, டிசம்பர், இரண்டாம் வடிவம் என்று படிக்க வேண்டும். கடைசி இரண்டு இலக்கம்தான் மாற்றுகிறவனுக்கு உயிர். ஒரே பெயர், ஒரே நிறம், ஒரே ஆண்டாக இருந்தும் நடுவில் ஏதோ ஓர் உறுப்பை மாற்றிவிட்டார்கள் என்பதை அது சொல்லிவிடும். பெயரைப் பார்த்து ஸ்பேர் வாங்குகிறவன் ஏமாறுவான், கால் எண்ணைப் பார்த்து வாங்குகிறவன் ஏமாறமாட்டான்.

பேரிங் விஷயத்தில் இன்னும் சௌகரியம். மாடல் பெயரில் 'சி' இருந்தால் ஸ்பூல் பால் பேரிங்கில் சுற்றுகிறது என்று பொருள். 6500சியின் ஸ்பூல் பேரிங் உள்துளை 3, வெளிவிட்டம் 10, அகலம் 4 மில்லிமீட்டர். பேரிங் கடைக்காரர்களுக்கு அது 623. உலகம் முழுக்க ஒரே அளவு. சென்னையிலோ மதுரையிலோ பேரிங் கடையில் '623 கொடுங்க' என்றால் போதும், அபுவின் பெயரைச் சொல்ல வேண்டாம். ஒரு கம்பெனி தன் அளவைத் தானே உருவாக்காமல் உலக அளவை எடுத்துக்கொண்டால், அந்தக் கம்பெனி மறைந்தாலும் உறுப்பு மறையாது.

அமெரிக்காவின் பென் ரீல்கள் வேறு குணம். ஜெர்மனியிலிருந்து போன ஆட்டோ ஹென்ஸ 1932இல் பிலடெல்பியாவில் தொடங்கிய கம்பெனி. பெரிய கடல் மீனுக்கான செனட்டர் வரிசை 1936இல் வந்தது. கடிகார நேர்த்தி இதில் கிடையாது. முரட்டு ரீல். ஆனால் உறுப்புகளுக்கு எண் போட்ட முறையில் பென்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. ஒவ்வோர் உறுப்புக்கும் இரட்டை எண், நடுவே ஒரு கோடு. முன்பாதி அது என்ன உறுப்பு என்று சொல்லும்: 5 என்றால் பெரிய பல்சக்கரம், 13 என்றால் பினியன், 6 என்றால் டிராக் வாஷர், 15 என்றால் கைப்பிடி, 29 என்றால் ஸ்பூல். பின்பாதி எந்த மாடலுக்காக அதை முதலில் செய்தார்கள் என்று சொல்லும். 6-60 என்றால் லாங் பீச் 60க்காகச் செய்த டிராக் வாஷர். அதே வாஷர் ஜிக்மாஸ்டர் 500இன் உறுப்புப் பட்டியலிலும் 6-60 என்றே இருக்கும். புதிதாக ஒரு ரீல் வடிவமைக்கும்போது, இருக்கிற வாஷரே போதும் என்றால் புது எண் போடவில்லை. ஆகவே இரண்டு ரீல்களின் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, பின்பாதி எண் ஒன்றாக இருக்கும் வரிகளைக் குறித்துக்கொண்டே போனால் எவையெல்லாம் மாறும் என்பது தானாகத் தெரிந்துவிடும். புதுப்பேட்டையில் பழைய கார் ஸ்பேர் விற்கிறவர் தலைக்குள் வைத்திருக்கும் பட்டியல் இங்கே அச்சிலேயே இருக்கிறது.

உறுப்பு மாற்றுவது என்பதே ஒரு காலத்தில் அதிசயம். 1785இல் பாரிஸில் இருந்த தாமஸ் ஜெஃபர்சன், ஓனோரே பிளாங்க் என்கிற துப்பாக்கித் தொழிலாளியின் பட்டறைக்குப் போனார். ஐம்பது துப்பாக்கிப் பூட்டுகளை உறுப்பு உறுப்பாகக் கழற்றிப் பெட்டி பெட்டியாக வைத்திருந்தார் பிளாங்க். ஜெஃபர்சன் கைக்கு வந்ததை எடுத்துச் சிலவற்றைக் கோத்துப் பார்த்தார், பொருந்தின. அதை வியந்து ஊருக்குக் கடிதம் எழுதினார். அதுவரை ஒரு பூட்டின் உறுப்பு அந்தப் பூட்டுக்கு மட்டும்தான். கைவினைஞர் அரத்தால் ராவி ராவி ஒன்றுக்கொன்று பொருத்துவார்.

உறுப்புகள் இப்படி மாறிப் பொருந்தத் தேவைப்பட்டது மிகத் துல்லியமான கை அல்ல, எல்லோருக்கும் பொதுவான அளவு. 1890களில் சுவீடனின் எஸ்கில்ஸ்டூனா துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன் அதற்கு வழி கண்டார். 102 எஃகுக் கட்டைகள் கொண்ட ஒரு செட். ஒவ்வொன்றின் தடிமனும் துல்லியமாகத் தெரியும். முகங்கள் அவ்வளவு வழவழப்பு, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துத் திருகினால் பசையில்லாமலே ஒட்டிக்கொள்ளும். கட்டைகளைச் சேர்த்துச் சேர்த்து ஆயிரக்கணக்கான அளவுகளை உண்டாக்கலாம். ஒரு தொழிற்சாலையின் மில்லிமீட்டரும் இன்னொரு தொழிற்சாலையின் மில்லிமீட்டரும் ஒன்றுதானா என்று சரிபார்க்க அதுவரை அப்படி ஒரு கருவி இருந்ததில்லை. 1923இல் அவர் அமெரிக்காவுக்குப் போய் ஃபோர்டு கம்பெனியில் சேர்ந்தது தற்செயல் அல்ல. லட்சக்கணக்கில் கார் செய்கிறவனுக்குத்தான் அந்தக் கட்டைகளின் அருமை தெரியும்.

வைலேயிலிருந்து மேற்கே முப்பது கிலோமீட்டருக்குள் பில்லுண்ட். லெகோ கட்டைகளின் ஊர். இன்றைய வடிவக் கட்டைக்கு அவர்கள் காப்புரிமை விண்ணப்பித்தது 1958 ஜனவரி 28. அன்று செய்த கட்டையும் இன்று வாங்கும் கட்டையும் கோத்துக்கொள்ளும் என்று கம்பெனி பெருமையாகச் சொல்கிறது. குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர் என்ற இடைவெளியை மாற்றவே இல்லை என்பதுதான் காரணம். ஆனால் இந்தக் கதையில் விட்டுப்போகும் ஒரு வரி உண்டு. 1963க்கு முன் கட்டைகளைச் செல்லுலோஸ் அசிட்டேட்டில் வார்த்தார்கள். அது நாளாக ஆக வளையும். வளைந்த கட்டை கோக்கும், ஆனால் பிடிக்காது. 1963இல் ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகுதான் அளவு காப்பாற்றப்பட்டது. அளவு ஒன்றாக இருந்தும் பொருள் வேறு என்றால் பொருத்தம் பாதிதான். ரீலிலும் இதே கதைதான்.

பல்சக்கரத்திலிருந்து ஆரம்பிப்போம். வேகமாகச் சுற்றும் ரீல் வேண்டும் என்று பலர் முதலில் கைவைப்பது அதில்தான். இரண்டு சக்கரங்கள் கோத்துக்கொள்ள வேண்டுமானால் பல்லின் பருமன் ஒன்றாக இருக்க வேண்டும். இயந்திரக்காரர்கள் அதை மாட்யூல் என்பார்கள். சாய்வுப் பல் என்றால் சாய்கோணமும் ஒத்துப்போக வேண்டும். அடுத்தது, இரண்டு அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம். ரீல் கூட்டில் அந்தத் தூரத்தைத் தொழிற்சாலையிலேயே துளைபோட்டு நிரந்தரமாக்கிவிட்டார்கள், நாம் மாற்ற முடியாது. அந்தத் தூரம் என்பது இரண்டு சக்கரத்தின் பற்களையும் கூட்டி, மாட்யூலால் பெருக்கி, இரண்டால் வகுத்தது. ஆகவே பற்களின் கூட்டுத்தொகை மாறக் கூடாது. பெரிய சக்கரத்தில் 36 பல், பினியனில் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 48, விகிதம் மூன்று. 40க்கு 8 என்று மாற்றினாலும் கூட்டுத்தொகை 48தான், விகிதம் ஐந்தாகிவிடும். ஜோடியாக மாற்றினால் சரியாக உட்காரும். பெரிய சக்கரத்தை மட்டும் 37 பல்லாக்கினால், மாட்யூல் 0.6 மில்லிமீட்டர் என்றால், 0.3 மில்லிமீட்டர் இடம் போதாது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கைப்பிடி சுற்றாது.

பல்லின் பக்கவாட்டு வளைவுக்கு இன்வல்யூட் என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் இந்த வளைவைப் பல்சக்கரத்துக்குப் பரிந்துரைத்தார். அச்சுகளின் தூரம் தலைமுடியளவு கூடினாலும் குறைந்தாலும் சுழற்சி விகிதம் மாறாது என்பது இதன் தனிச் சிறப்பு. ஐம்பது வருடம் தேய்ந்த புஷ்ஷில் ஆட்டம் கண்ட ரீல்கூட ஒரே சீராக ஓடுவதற்குக் காரணம் இதுதான். இந்த மன்னிக்கும் குணம் இல்லாவிட்டால் பழைய ரீல்களில் பாதிக்கு மேல் எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும்.

சரி, 40க்கு 8 உட்கார்ந்துவிட்டது. ஓடுகிறது. இப்போது மீன் இழுக்கட்டும். பினியனின் பல் பன்னிரண்டிலிருந்து எட்டானதால் அதன் ஆரம் மூன்றில் இரண்டு பங்காகிவிட்டது. ஸ்பூலை அதே மீன் அதே பலத்தோடு இழுக்கிறது. ஆரம் குறைந்த சக்கரத்தின் பல்லில் விழும் விசை ஒன்றரை மடங்கு. அதோடு, பல் எண்ணிக்கை குறையக் குறைய ஒவ்வொரு பல்லின் அடியும் குடையப்பட்டு ஒல்லியாகிறது. வழக்கமான 20 பாகை நேர்ப்பல்லில் 17க்குக் கீழே போனாலே இந்தக் குடைவு தொடங்கிவிடும். ஒன்றரை மடங்கு சுமை, முன்பைவிட ஒல்லியான பல். பித்தளையில் செய்திருந்தால் பல் உதிரும், எஃகில் செய்திருந்தால் பிழைக்கும். வேக விகித ஜோடி வாங்கும்போது என்ன உலோகம் என்று கேட்காதவர் பணத்தை வீணாக்குகிறார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இது பழம் தின்று கொட்டை போட்ட தூண்டில்காரர்களுக்கும் சட்டென்று பிடிபடாது. டிராக் இருப்பது பெரிய பல்சக்கரத்தின் உள்ளே. வாஷர்களை அழுத்தும் விசை, உராய்வுக் கெழு, வாஷரின் சராசரி ஆரம், உரசும் முகங்களின் எண்ணிக்கை, இந்த நான்கையும் பெருக்கினால் அது வழுக்கத் தொடங்கும் முறுக்குவிசை வரும். அந்த முறுக்குவிசை ஸ்பூலுக்குப் போய்ச் சேரும்போது சுழற்சி விகிதத்தால் வகுபடும். விகிதம் மூன்றிலிருந்து ஐந்தானால், டிராக்கை இறுக்கும் ஸ்டார் சக்கரத்தை அதே இறுக்கத்தில் வைத்திருந்தாலும் நரம்பில் கிடைக்கும் பிடி ஐந்தில் மூன்று பங்குதான். கையால் சுற்றும் பலமும் அதே அளவு குறையும். 'டிராக் சரியில்லை' என்று நினைத்து ஸ்டாரை இறுக்குவார்கள். பழைய பிடி திரும்ப வேண்டுமானால் முறுக்குவிசையை ஏறக்குறைய 67 சதவீதம் கூட்ட வேண்டும். அந்தக் கூடுதல் சுமை முழுவதும் போய் விழுவது பின்சுழற்சியைத் தடுக்கும் அந்தக் குட்டி நாக்கின் முனையில். அதை யாரும் மாற்றவில்லை. உடையும்போது கைப்பிடி பின்னால் திரும்பிச் சுழன்று விரல் கணுவில் அடிக்கும்.

பழைய தோல் வாஷருக்குப் பதிலாக கார்பன் ஃபைபர் வாஷர் போடுவதுதான் பழைய ரீலுக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த மாற்றம் என்பது என் கருத்து. பென் அதை எச்டி-100 என்று விற்கிறது. அதன் லாபம் பிடி கூடுவதில் இல்லை, பிடி சீராக இருப்பதில். தோல் நனைந்தால் ஒரு மாதிரி, காய்ந்தால் ஒரு மாதிரி, சூடானால் வேறு மாதிரி. நிற்கும்போது ஒட்டிக்கொண்டு, விடும்போது வெடுக்கென்று விடும். நரம்பு அறுவது அந்த வெடுக்கில்தான். கார்பனில் அந்தத் தாவல் மிகக் குறைவு. மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது இன்னொரு விஷயமும் நடக்கும்: ஸ்பூலில் நரம்பு குறையக் குறைய அதன் ஆரம் குறையும், டிராக்கைத் தொடாமலே பிடி ஏறும். ஆரம் பாதியானால் பிடி இரண்டு மடங்கு. நல்ல வாஷர் போட்டுவிட்டோம் என்று கடைசி முனை வரைக்கும் இறுக்கி வைக்கிறவர் இதை மறக்கக் கூடாது.

ஸ்பூல் மாற்றியதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பென் ரீல்களின் பழைய பிளாஸ்டிக் ஸ்பூல்கள் லினன் நூலுக்கும் பிறகு டேக்ரான் நூலுக்குமாகச் செய்தவை. நைலான் நரம்பு வந்ததும் சிக்கல். நைலான் இழுபடும். பாரத்தோடு சுற்றும்போது நீண்டு, சுற்றிய பிறகு சுருங்கப் பார்க்கும். ஒரு கிலோ இழுவையில் சுற்றிய ஒரே ஒரு சுற்று, உருளையை அதன் விட்டத்தின் குறுக்கே இரண்டு கிலோ விசையோடு நெரிக்கிறது. 300 சுற்று சுற்றினால் கணக்குக்கு 600 கிலோ. மேல் சுற்று விழ விழக் கீழ்ச் சுற்று கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும் என்பதைக் கழித்தாலும் பிளாஸ்டிக்குக்கு அது அதிகம். சுற்றுகள் ஒன்றினிடையே ஒன்று ஆப்பாக இறங்கிப் பக்கச் சுவர்களையும் வெளியே தள்ளும். பெட்டிக்குள் சும்மா கிடந்த ரீலின் ஸ்பூல் ராத்திரியில் வெடித்தது என்று சொல்வதில் மிகை இல்லை. கலிபோர்னியாவின் கார்ல் நியூவெல் பென் ரீலுக்குப் பொருந்தும்படி அலுமினிய ஸ்பூல், குறுக்குக் கம்பி, கால் தகடு என்று செய்து விற்கத் தொடங்கியது இந்தத் தேவையில்தான். பிறகு அவரே முழு ரீலும் செய்தார். பென் தன் அளவுகளை மாற்றாமல் வைத்திருந்தது, அதனால் இன்னொருவர் அந்த அளவுகளின் மேல் ஒரு தொழிலையே கட்ட முடிந்தது.

ஆனால் அலுமினியத்துக்கும் கடலுக்கும் ஆகாது, குறிப்பாகப் பக்கத்தில் வேறு உலோகம் இருந்தால். அலுமினியக் கம்பியில் துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ, நடுவே ஒரு துளி உப்புத் தண்ணீர். ஒரு பாட்டரி தயார். கரைவது அலுமினியம். கரைந்து உண்டாகும் வெள்ளைத் தூள் மரையிடுக்கில் அடைத்துக்கொண்டு ஸ்க்ரூவை இறுக்கிவிடும், திருப்பினால் தலை மட்டும் கையோடு வரும். பழைய பித்தளைக் கம்பியில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. பால்டிக்கை ஒட்டிய நீர் நம் வங்கக் கடலைவிட உப்புக் குறைந்தது. அதற்காக வைலேக்காரர் தப்பிவிட முடியாது, கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். ஸ்க்ரூ போடுமுன் மரையில் கிரீஸ் தடவினால் தண்ணீர் நுழையாது. ஒரு நிமிட வேலை.

ஸ்க்ரூ என்றதும் இன்னொன்று. அபு மெட்ரிக் மரை, பென் அங்குல மரை. 3 மில்லிமீட்டர் மெட்ரிக் மரைக்கு ஒரு சுற்றுக்கு 0.5 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 40 சுற்று உள்ள மரைக்கு 0.635. விட்டம் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிவதால் முதல் இரண்டு சுற்று கையாலேயே ஏறிவிடும். மூன்றாவதில் பிடிக்கும். அங்கே நிறுத்தியவர் புத்திசாலி. திருப்புளியை எடுத்தவர் பக்கத் தகட்டின் மரையைச் சிதைத்துவிடுவார், பிறகு அந்தத் தகட்டுக்கு ஸ்பேர் தேடி அலைய வேண்டும்.

ஸ்பூலுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கால ரீல் 0.4 மில்லிமீட்டர் நைலானை மனதில் வைத்துச் செய்தது. இன்று பலர் சுற்றுவது 0.15 மில்லிமீட்டர் பின்னல் நூல். ரீலில் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் நைலான் மேலே நிற்கும், பின்னல் நூல் உள்ளே விழுந்து அச்சில் சுற்றிக்கொள்ளும். அகல ஸ்பூலுக்கு வேறு ரீலின் குறுக்குக் கம்பி போடும்போது கம்பியின் நீளத்தில் வரும் சின்னப் பிசகு நேராக இந்த இடைவெளியில்தான் போய்ச் சேரும். ஓரத்தில் உள்ள மூடித் திருகு அச்சின் ஆட்டத்தை மறைத்துவிடும், ஆகவே கைக்கு எல்லாம் சரியாகவே தெரியும். இடைவெளி மட்டும் அப்படியே இருக்கும். வெர்னியர் காலிப்பர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

தேய்ந்த சக்கரத்தோடு புதுப் பினியன் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், கரகரக்கும். இரண்டு சக்கரமும் ஒன்றை ஒன்று தேய்த்துத் தங்களுக்கென்று ஒரு வடிவத்துக்கு வந்திருக்கும். பைக்கில் செயினை மட்டும் மாற்றிவிட்டு ஸ்பிராக்கெட்டைப் பழையதாக விட்டால் என்ன ஆகுமோ அதுதான். ஜோடியாகவே மாற்ற வேண்டும். செத்த ரீலிலிருந்து எடுப்பதானால்கூட இரண்டையும் அந்த ஒரே ரீலிலிருந்து எடுப்பதே முறை.

இவ்வளவும் செய்து வைலேயில் எதைப் பிடிப்பது என்பது தனிக் கேள்வி. வயல்களிலிருந்து வழிந்து வரும் நைட்ரஜனால் ஆக்சிஜன் இல்லாமல் செத்துப்போன ஃபியோர்டுக்கு 2024 ஏப்ரலில் மக்கள் திரண்டு ஈமச் சடங்கே நடத்தினார்கள். அது ஒரு போராட்டம். அடியில் கடல்புல் நட்டு மீட்கும் வேலையும் நடந்துகொண்டிருக்கிறது. மேற்கு பால்டிக்கில் பொழுதுபோக்குக்குக் காட் பிடிப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2024இலிருந்து தடுத்துவிட்டது. கடல் டிரவுட்டுக்கு இலேசான அம்பாசடரே அதிகம், செனட்டர் அங்கே வெட்டிச் சுமை. ஆகவே வைலேயில் பழைய ரீல் தேற்றுகிறவர் அதைக் கொண்டுபோய்ப் போடுவது பெரும்பாலும் வட கடல் பக்கம்தான்.

பழுதுபார்க்கும் உரிமைக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஒரு சட்டம் போட்டது, உறுப்பு நாடுகள் 2026 ஜூலை 31 முதல் அதை நடைமுறைப்படுத்த வேண்டும். வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், செல்பேசி என்று ஒரு பட்டியல் அதில் இருக்கிறது. தூண்டில் ரீல் அதில் இல்லை. ரீலுக்கு அந்தச் சட்டம் தேவைப்படவும் இல்லை. பென் உறுப்பு எண்களை அச்சிட்டதும் அபு தோல்பெட்டியில் ஸ்பேர் நாக்கு வைத்ததும் சட்டத்துக்குப் பயந்து அல்ல. ஒரு பொருளை ஐம்பது வருடம் காப்பாற்றுவது அந்தக் காலத்தில் வியாபாரத்துக்கும் நல்லதாக இருந்தது. இன்று அபு, பென் இரண்டு பெயர்களும் பியூர் ஃபிஷிங் என்கிற ஒரே கம்பெனியின் கீழ் இருக்கின்றன, அவர்கள் விற்கும் புது ரீல்கள் பலவற்றில் மாடலுக்கு மாடல் உறுப்பு வேறு. இது முன்னேற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை.

வளைகுடாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ யாரோ கொண்டுவந்த பழைய அம்பாசடரோ பென்னோ உங்கள் வீட்டில் கிடந்தால் பித்தளை விலைக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அம்பாசடர் என்றால் கால் தகட்டின் எண்ணையும் பென் என்றால் மாடல் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், அந்த எண்ணுக்குரிய உறுப்புப் பட்டியலைத் தேடி எடுங்கள், பிறகு பிரியுங்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு அடுக்கையும் செல்பேசியில் படம் எடுத்து வையுங்கள், வாஷர் வரிசை மாறினால் டிராக் பிடிக்காது. கழற்றிய பழைய உறுப்பு தேய்ந்திருந்தாலும் தூக்கி எறியாமல், மாடல் எண் எழுதிய கவரில் போட்டு வையுங்கள். லேத் பட்டறையில் புதிதாக ஒன்று கடைந்து வாங்க வேண்டி வந்தால், அளவு எடுக்க அதைவிட்டால் வேறு கிடையாது.